காசோலைப் படத்துக்குக் கீழே இரண்டு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கடந்த வாரம் தங்கள் நாளிதழின் கடைசிப் பக்கத்தில், அமெரிக்கர் ஒருவர் லாட்டரியில் வென்ற செய்தி வந்திருந்தது. கதவு அகலத்துக்கு ஒரு காசோலையைப் பிடித்துக்கொண்டு படத்தில் சிரிக்கிறார். என்ன வேலை பார்த்தார், எந்த ஊர்க்காரர், முதலில் எதை வாங்கப் போகிறார், செய்தி கேட்டு மனைவி என்ன சொன்னார் என்று எல்லாமே இருந்தன. ஒரு வரி விடாமல் படித்தேன். படித்து முடித்ததும் பென்சிலை எடுத்து ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். பழக்க தோஷம். 33 ஆண்டுகள் தணிக்கைப் பணியில் இருந்தவள் நான். வரவை மட்டும் எழுதிவிட்டுச் செலவை எழுதாத பக்கத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காது.

அந்தப் பரிசு எத்தனை சீட்டுக்கு ஒன்று விழும் என்று செய்தியில் இல்லை. சீட்டு விற்ற பணத்தில் எவ்வளவு பரிசாகத் திரும்பியது, மீதி எங்கே போனது என்பதும் இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம். சற்று நீளமாகிவிட்டது, பொறுத்தருள வேண்டும்.

அமெரிக்காவின் பவர்பால் லாட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1 முதல் 69 வரையுள்ள வெள்ளைப் பந்துகளில் ஐந்தும், 1 முதல் 26 வரையுள்ள சிவப்புப் பந்துகளில் ஒன்றும் சரியாகச் சொன்னால் முதல் பரிசு. இப்படி அமையக்கூடிய சேர்க்கைகள் மொத்தம் 29,22,01,338. எண்ணாக எழுதினால் யாருக்கும் உறைக்காது, எனக்கே உறைக்கவில்லை. ஒரு நாள் பிற்பகலில் ஒரு பழைய நோட்டை எடுத்து, சீட்டுக்கு ஒரு கோடு என்று போட ஆரம்பித்தேன். பத்துக் கோட்டுக்கு ஒரு சிறு இடைவெளி. ஒரு மணி நேரத்தில் 2,840 கோடுகள் போட்டிருந்தேன், கட்டைவிரல் மரத்துப்போய்விட்டது. அதே வேகத்தில் நாளுக்கு எட்டு மணி நேரம், விடுமுறையே எடுக்காமல் போட்டுக்கொண்டே போனால், எல்லாச் சீட்டுக்கும் கோடு போட்டு முடிக்க 35 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். என் பணிக்காலத்தைவிட இரண்டு ஆண்டு கூடுதல். அத்தனை கோடுகளில் ஒரே ஒரு கோடுதான் உங்கள் கடைசிப் பக்கத்தில் சிரிக்கிறது.

இந்தக் கணக்கு தானாக வந்ததல்ல, அமைக்கப்பட்டது. 2015 அக்டோபர் வரை பவர்பாலில் வெள்ளைப் பந்து 59, சிவப்புப் பந்து 35. அப்போது சேர்க்கைகள் 17,52,23,510. அந்த மாதத்தில் வெள்ளையைக் கூட்டினார்கள், சிவப்பைக் குறைத்தார்கள். சிவப்புப் பந்தை மட்டும் சரியாகச் சொன்னவருக்கு 4 டாலர் உண்டு. சிவப்பு குறைந்ததால் அந்த 4 டாலர் முன்பைவிட எளிதாக விழுந்தது. ‘ஏதாவது ஒரு பரிசு கிடைக்கும் வாய்ப்பு கூடிவிட்டது’ என்று சொல்லவும் முடிந்தது. சொன்னது பொய்யில்லை. முதல் பரிசு மட்டும் இன்னும் எட்டாத உயரத்துக்குப் போனது. எவருக்கும் விழாமல் வாரக்கணக்கில் தொகை சேர்ந்தது. மூன்றே மாதத்தில், 2016 ஜனவரியில், 158 கோடியே 60 லட்சம் டாலர். உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின, விளம்பரக் கட்டணம் வாங்காமல். பிரிட்டனின் தேசிய லாட்டரியும் அதே 2015 அக்டோபரில் 49 எண்களை 59 ஆக்கியது; 1,39,83,816-க்கு ஒன்று என்றிருந்த வாய்ப்பு 4,50,57,474-க்கு ஒன்று ஆனது.

தலைப்பில் போடும் தொகையும் அப்படியே கைக்கு வருவதில்லை. 2022 நவம்பரில் ஒரே சீட்டுக்கு 204 கோடி டாலர் விழுந்ததாக எல்லோரும் எழுதினார்கள். அது 29 ஆண்டுகளில் 30 தவணையாகக் கொடுக்கப்படும் தொகையின் கூட்டல். மொத்தமாக இன்றே வேண்டும் என்றால் 99 கோடியே 76 லட்சம் டாலர்தான், அதுவும் வரி பிடிப்பதற்கு முன். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் இப்படி ஒரு தொகையை எழுதி வந்திருந்தால் கோப்பைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

என் தம்பி வெளிநாட்டில் இருக்கிறான். வாரம் தவறாமல் ஒரு சீட்டு வாங்குவான், எப்போதும் அதே ஆறு எண்கள். அப்பா, அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள், கடைசியாக நான்: எங்கள் பிறந்த தேதிகள். “டேய், உன் சீட்டில் 31-க்கு மேல் எண்ணே கிடையாது. உலகத்தில் பாதிப் பேர் இப்படித்தான் எழுதுகிறார்கள். விழுந்தாலும் நூறு பேரோடு பங்கு போட வேண்டியிருக்கும்” என்று ஒரு முறை சொன்னேன். எந்த ஆறு எண்ணும் விழும் வாய்ப்பு ஒன்றுதான். ஆனால் அதே ஆறை வேறு எத்தனை பேர் எழுதியிருப்பார்கள் என்பது ஒன்றல்ல. பிரிட்டனில் 1995 ஜனவரி 14 அன்று 7, 17, 23, 32, 38, 42 விழுந்தபோது முதல் பரிசுக்கு 133 பேர் வந்து நின்றார்கள். ஒரு கோடியே 60 லட்சம் பவுண்டுக்கு மேல் இருந்த தொகை ஆளுக்கு 1,22,510 பவுண்டாகச் சுருங்கியது. பிலிப்பைன்ஸில் 2022 அக்டோபர் முதல் தேதி விழுந்த ஆறு எண்களும் ஒன்பதாம் வாய்ப்பாடு. 9, 18, 27 என்று அழகாக எழுதியிருந்தவர்கள் 433 பேர்.

இதையெல்லாம் தம்பியிடம் சொன்னேன். அவன் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அக்கா, உன் தேதியையும் அதில்தான் வைத்திருக்கிறேன்” என்றான். அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. பிறகு அவனே சொன்னான்: “நிறுத்தவும் பயமாக இருக்கிறது. நான் வாங்காத வாரம் பார்த்து அந்த ஆறும் விழுந்துவிட்டால்?” சீட்டு வாங்கும் ஆசையைவிட, வாங்காமல் விட்ட பயம் பலமானது. நெதர்லாந்தில் 1989 முதல் நடக்கும் அஞ்சல் குறியீட்டு லாட்டரி இந்தப் பயத்தையே அச்சாணியாக வைத்திருக்கிறது. அங்கே எண் தேர்ந்தெடுக்கும் வேலையே இல்லை; உங்கள் தெருவின் அஞ்சல் குறியீடுதான் உங்கள் எண். நீங்கள் சீட்டு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அது குலுக்கலில் இருக்கும். விழுந்தால் தெருவில் சீட்டு வாங்கிய எல்லோருக்கும் பணம். வாங்காதவர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்கலாம். இதை யோசித்தவர் மனித மனத்தை நன்றாகத் தணிக்கை செய்தவர்.

இத்தாலியில் வேறு விதமான பைத்தியம். அங்கே சில நகரங்களின் பெயரில் தனித்தனியாக 90 எண்களில் ஐந்தை எடுப்பார்கள். வெனிஸ் குலுக்கலில் 53 என்ற எண் 2003-இலிருந்து வரவே இல்லை. ‘இத்தனை நாள் வராதது இனி வந்துதானே ஆக வேண்டும்’ என்று மக்கள் அதன்மேல் பணம் கட்டினார்கள். சேமிப்பைக் கரைத்தார்கள், கடன் வாங்கினார்கள். உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. 182 குலுக்கல்கள் வராமல் இருந்து 2005 பிப்ரவரி 9 அன்று 53 வந்தபோது, அதன்மேல் கட்டப்பட்டிருந்த தொகை ஏறக்குறைய 350 கோடி யூரோ. தான் போன வாரம் வந்ததா இல்லையா என்பது பந்துக்குத் தெரியாது.

குலுக்கல் சரியாக நடக்கிறதா என்று கேட்பீர்கள். இதில் என் சொந்த அனுபவம் ஒன்று உண்டு, பெருமைப்படக்கூடியது அல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில், அலுவலகப் பொழுதுபோக்கு மன்றத்துக்காக 600 சீட்டு விற்றுப் பன்னிரண்டு பரிசுக்குக் குலுக்கல் நடத்தினோம். அடிக்கட்டைகளை மடித்துத் தகர டப்பாவில் போடும் பொறுப்பு என்னுடையது. விற்று வந்த வரிசைப்படியே போட்டேன். மேடையில் டப்பாவைத் தூக்கி நாலு முறை ஆட்டினார்கள், எல்லோரும் கை தட்டினார்கள். பன்னிரண்டில் ஒன்பது பரிசு கடைசியாக விற்ற இரண்டு புத்தகங்களுக்கே போனது. அந்தப் புத்தகங்களை விற்றவர் மன்றத்தின் பொருளாளர். அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. டப்பா நிறைய காகிதம் இருந்தால் நாலு ஆட்டு ஆட்டினால் கலையாது. கடைசியில் போட்டது மேலேயே கிடக்கும். இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? அவர் மாற்றலாகிப் போகும்வரை முதுகுக்குப் பின்னால் பேச்சு ஓயவில்லை.

பிற்பாடு படித்தபோதுதான் தெரிந்தது, இதே தவற்றை அமெரிக்க அரசே செய்திருக்கிறது என்று. 1969 டிசம்பர் முதல் தேதி, வியட்நாம் போருக்கு யாரை முதலில் அழைப்பது என்று முடிவு செய்ய, 366 பிறந்த தேதிகளை நீல நிறக் குப்பிகளில் அடைத்துக் கண்ணாடி ஜாடியில் கொட்டி ஒவ்வொன்றாக எடுத்தார்கள். முதலில் வந்தது செப்டம்பர் 14. குப்பிகளை மாத வரிசைப்படி போட்டு வந்திருந்தார்கள், கலக்கியது போதவில்லை. ஆண்டின் கடைசி மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி முன்னால் வந்துவிட்டார்கள். என் டப்பாவில் போனது பாத்திரமும் போர்வையும். அந்த ஜாடியில் இருந்தது இளைஞர்களின் தலைவிதி. அடுத்த ஆண்டு தேதிக்கு ஓர் உருளை, வரிசை எண்ணுக்கு ஓர் உருளை என்று இரண்டு வைத்து எடுத்தார்கள்.

தெரியாமல் நடந்தது இது. தெரிந்தே செய்தவர்களும் உண்டு. பென்சில்வேனியாவில் 1980 ஏப்ரல் 24 அன்று தொலைக்காட்சிக் குலுக்கலில் 4, 6 தவிர மற்ற எல்லாப் பந்துகளுக்குள்ளும் ஊசியால் வெள்ளைச் சாயம் ஏற்றிக் கனமாக்கிவிட்டார்கள். கனத்த பந்துகள் காற்றில் எழும்பவில்லை; 666 வந்தது. சூழ்ச்சியில் முதல் ஆள், குலுக்கலை நடத்திய அறிவிப்பாளரே. நாலும் ஆறும் மட்டும் கலந்த எட்டு எண்களின்மேல் யாரோ அள்ளிக் கட்டியிருந்தது வெளியே வந்ததும் மாட்டிக்கொண்டார்கள். பந்துகளை எடை பார்த்து, பெட்டிக்கு முத்திரை வைத்து, சாட்சியை நிறுத்திவைப்பதெல்லாம் வெறும் சடங்கில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

பணத்துக்கு வருகிறேன். பவர்பாலில் சீட்டு விற்ற தொகையில் பாதிதான் பரிசுக்கு. சூதாட்ட விடுதியின் ரூலட் சக்கரத்தில் 38 குழி உள்ள அமெரிக்கச் சக்கரம்கூட, நீண்ட கணக்கில், கட்டிய நூறில் 94-க்கு மேல் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. விடுதிக்காரர் எடுப்பது சுமார் ஐந்து, அவருக்குப் பெயர் சூதாடி. ஐம்பதைப் பிடித்துக்கொள்பவருக்குப் பெயர் பொதுநலம். அரசுகளுக்கு இது புதிதும் அல்ல. இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத் துறைமுகங்களைச் செப்பனிட 1567-இல் லாட்டரி அறிவித்தபோது, சீட்டு வாங்க வருபவரைச் சிறு குற்றங்களுக்காகச் சில நாட்களுக்குக் கைது செய்யக் கூடாது என்ற சலுகையையும் சேர்த்துக் கொடுத்தார்! பொது வருமான வரியோ விற்பனை வரியோ போட மனமில்லாத நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் பள்ளிகளுக்குப் பணம் தேடி 1964-இல் தொடங்கியதுதான் இன்றைய அமெரிக்க மாநில லாட்டரிகளுக்கு முன்னோடி.

‘கல்விக்காக’ என்று சீட்டில் போட்டிருந்தால் நான் கேட்பது ஒன்றுதான். லாட்டரியிலிருந்து பள்ளிக்கு நூறு வந்த ஆண்டில், பொது நிதியிலிருந்து வழக்கமாகப் போகும் தொகையில் நூறு குறைந்ததா இல்லையா? குறைந்திருந்தால் பள்ளிக்கு ஒன்றும் போகவில்லை. ஒரு பையிலிருந்து மறு பைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில் இப்படி நடந்ததை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஜார்ஜியா மாநிலம் 1993 முதல் லாட்டரிப் பணத்தைக் கல்லூரி உதவித்தொகை என்ற புதிய இனத்தில் வைத்தது. அதைத் தனியாகப் பார்த்துத் தணிக்கை செய்ய முடிகிறது. ஆனால் அங்கும் ஒரு நெருடல்: சீட்டுக்கு வருமானத்தில் பெரும்பங்கைச் செலவிடுபவர்கள் ஏழைகள், உதவித்தொகையில் பெரும்பகுதி பெற்றவர்கள் ஓரளவு வசதியான வீட்டுப் பிள்ளைகள்.

என்னை லாட்டரி விரோதி என்று நினைத்துவிட வேண்டாம். தைவானில் 1951 முதல் கடை ரசீதையே லாட்டரிச் சீட்டாக்கி வைத்திருக்கிறார்கள். ரசீதில் எட்டு இலக்க எண் இருக்கும், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை குலுக்கல். பரிசு ஆசையில் வாங்குபவர் ரசீது கேட்பார், கேட்டால் கடைக்காரர் விற்பனையை மறைக்க முடியாது, வரி தானாக வந்து சேரும். தணிக்கைக்காரிக்கு இதைவிட இனிப்பான செய்தி கிடையாது. பிரிட்டனில் 1956 முதல் விற்கும் பரிசுப் பத்திரத்தில் போட்ட முதல் அப்படியே இருக்கிறது, வேண்டும்போது திரும்ப வாங்கிக்கொள்ளலாம். வட்டியை மட்டும் சேர்த்துக் குலுக்கிக் கொடுக்கிறார்கள். தோற்றவரும் முதலோடு வீட்டுக்குப் போகிறார்.

1812-இல் தொடங்கிய ஸ்பெயின் லாட்டரியின் டிசம்பர் 22 குலுக்கலை மட்டும் நான் ரசித்துப் பார்ப்பேன். இரண்டு பெரிய உருளைகள். ஒன்றில் 00000 முதல் 99999 வரை மரப் பந்துகள், மற்றொன்றில் பரிசு எழுதிய 1,807 பந்துகள். பள்ளிச் சிறுவர் சிறுமியர் ஒருவர் எண்ணையும் மற்றவர் பரிசையும் ராகம் போட்டுப் பாடுவார்கள், மணிக்கணக்கில் நடக்கும். விற்றதில் 70 விழுக்காடு பரிசாகத் திரும்புகிறது. ஒரே எண்ணைப் பத்துப் பங்காகப் பிரித்து, பங்கு 20 யூரோவுக்கு விற்பார்கள். அதே எண் பல தொடர்களிலும் அச்சாகும். ஆகவே அலுவலகத்தினர், உறவினர், ஊர்க்காரர் எல்லோரும் ஒரே எண்ணில் சேர்ந்து நிற்பார்கள். 2011-இல் சோதேத்தோ என்ற சிற்றூரில் அநேகமாக எல்லா வீட்டுக்கும் முதல் பரிசு விழுந்தது. ஒருவரை ஆகாயத்துக்குத் தூக்காமல் ஊரையே ஒரு படி ஏற்றிவிடும் அமைப்பு. பங்கு வாங்காமல் விட்டவரின் நிலை வேறு!

கடைசியாக, படத்தில் சிரித்தவரின் முகம். சிட்னி ஓபரா ஹவுஸ் கட்ட ஆன 10 கோடியே 20 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் பெரும்பகுதி லாட்டரிப் பணம். 1960 ஜூனில் அந்த லாட்டரியில் ஒருவர் ஒரு லட்சம் பவுண்டு வென்றார். பெயரும் விலாசமும் பத்திரிகைகளில் வந்தன. ஜூலை 7 அன்று, பள்ளிக்குப் புறப்பட்ட அவருடைய 8 வயது மகனை ஒருவன் காரில் ஏற்றிப் போனான். 25,000 பவுண்டு கேட்டான். ஆகஸ்டில் பிள்ளையின் உடல்தான் கிடைத்தது. கப்பலில் தப்பிப் போனவன் கொழும்பில் பிடிபட்டான். பரிசுச் செய்தியைப் பத்திரிகையில் படித்துத்தான் திட்டமிட்டதாக வாக்குமூலம் கொடுத்தான். அதன் பிறகு அங்கே வென்றவர் விரும்பினால் பெயரை மறைக்கலாம் என்றாயிற்று.

எதிர்வாதமும் எனக்குத் தெரியும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 2010 டிசம்பரில் விழுந்த ஒன்றரைக் கோடி டாலருக்கு மேற்பட்ட பரிசை, வென்றவர் பெயரைச் சொல்லாத ஓர் அறக்கட்டளைக்காக வழக்கறிஞர் ஒருவர் ஏறக்குறைய ஓராண்டு கழித்துக் கேட்டு வந்தார். வென்றவர் யாரென்று தெரியாமல் கொடுக்க மாட்டோம் என்று மறுத்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு போனதில், லாட்டரி அமைப்பின் பாதுகாப்பு அதிகாரியே குலுக்கல் கணினியில் கள்ள நிரலைப் புகுத்திச் சீட்டு வாங்கியிருந்தது தெரிந்தது. ஆகவே பெயர் தெரிந்திருக்க வேண்டும்தான். லாட்டரி நடத்துபவருக்கும் தணிக்கையாளருக்கும் தெரிந்தால் போதும். பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்று கடைசிப் பக்க வாசகருக்குத் தெரிய வேண்டியதில்லை.

இனி இத்தகைய செய்தி வரும்போது படத்துக்குக் கீழே இரண்டு வரி சேர்க்கக் கோருகிறேன். போன வாரச் செய்தி பவர்பால் பற்றியது என்றால் இப்படி: “இந்தப் பரிசு 29 கோடியே 22 லட்சம் சேர்க்கைகளில் ஒன்றுக்கு விழுவது. சீட்டு விற்ற பணத்தில் பாதி பரிசாகத் திரும்புகிறது. மீதி மாநில அரசுகளுக்கும் விற்பனைச் செலவுக்கும் போகிறது.” அரை அங்குல இடம் போதும். இடம் இல்லையென்றால் காசோலைப் படத்தில் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிக்கொள்ளலாம்; அது எப்படியும் வங்கியில் செல்லாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தணிக்கை அலுவலர் ஒருவர்
(பெயரை வெளியிட வேண்டாம்)